மாஃபியா எதை விற்கிறது? போர்க்காலச் சிசிலியை வைத்து ஒரு எளிய விளக்கம்

1943 செப்டம்பர் 2. சிசிலித் தீவில் சண்டை ஓய்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. பலெர்மோ நகருக்கு மேற்கே மோன்தெலேப்ரே என்றொரு மலைக்கிராமம். அந்த ஊர்ப் பையன் ஒருவன், இருபது வயது, கோதுமை மூட்டைகளோடு வந்துகொண்டிருந்தான். வழியில் சோதனைச் சாவடி. கராபினியேரி என்னும் போலீஸ் படை அவனை மறித்து மூட்டைகளைப் பறிமுதல் செய்தது. அவன் தப்பி ஓடப் பார்த்தான், சுட்டார்கள். காயம் பட்ட பையன் திருப்பிச் சுட்டான். ஒரு காவலர் செத்துப்போனார். பையன் மலைக்கு ஓடினான்.

ஒரு கோதுமை மூட்டைக்கா இத்தனை என்று தோன்றலாம். அப்போதைய நிலைமை அப்படி. விளைந்த தானியத்தை அரசுக் கிடங்கில் அரசு சொல்லும் விலைக்குத்தான் போட வேண்டும். ரேஷனில் சாதாரண ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 கிராம் ரொட்டி. அதை வைத்துக்கொண்டு ஒரு வேளைப் பசியைக்கூட ஆற்ற முடியாது. அதனால் கிடங்குக்குப் போகாமல் ஒளித்த கோதுமை கள்ளச்சந்தையில் பொன்னாக விலைபோனது. ஏழை அதை மூட்டை மூட்டையாகக் கடத்தினான், மாட்டிக்கொண்டான். பெரிய கைகள் லாரி லாரியாகக் கடத்தின, மாட்டிக்கொள்ளவில்லை.

அந்தப் பையன் பெயர் சால்வத்தோரே ஜூலியானோ. பின்னாளில் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் படம் வந்த ஆள். அவனை மாஃபியா தலைவன் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை, அவன் கொள்ளையன். இந்த வித்தியாசம் பிடிபட்டால் மாஃபியா என்றால் என்ன என்பதில் பாதி புரிந்த மாதிரி. மீதிப் பாதியை, நான்கு வருஷம் கழித்து அதே மலைப்பக்கத்தில் ஒரு மே தினத்தன்று நடந்தது சொல்லும்.

கொள்ளையன் வேறு, மாஃபியா வேறு

கொள்ளையன் உங்களிடம் இருப்பதைப் பிடுங்குகிறான். அத்தோடு அவன் வேலை முடிந்தது. மாஃபியாக்காரர் பிடுங்குவதில்லை, விற்கிறார். அவர் விற்கும் சரக்குக்குப் பெயர் பாதுகாப்பு.

சந்தையில் ஒருவர் மாடு வாங்க வருகிறார். விற்பவர் மாட்டைப் பற்றிச் சொல்வதை இவர் நம்பவில்லை. பாக்கிப் பணத்தை இவர் ஒழுங்காகத் தருவார் என்று விற்பவருக்கும் நம்பிக்கை இல்லை. தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகலாம். அங்கே தீர்ப்பு வருவதற்குள் மாடே செத்துவிடும். அப்போது ஊரே பயப்படுகிற ஒருவர் நடுவில் வந்து நிற்கிறார். "நான் இருக்கிறேன், பேசி முடியுங்கள்" என்கிறார். பேரம் முடிகிறது. இரண்டு பக்கமும் யாரும் ஏமாற்றுவதில்லை. ஏமாற்றினால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். இருவரிடமும் அவர் ஒரு தொகை வாங்கிக்கொள்கிறார்.

மாட்டை அவர் விற்கவில்லை. பேச்சு மீறப்படாது என்ற உத்தரவாதத்தை விற்றார். அந்த உத்தரவாதத்துக்கு மூலதனம், அவரால் கொல்ல முடியும் என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதுதான்.

நமக்குத் தெரிந்த மாமூலும் கட்டப்பஞ்சாயத்தும் இதன் துண்டுகள்தான். "கடைக்கு ஒன்றும் ஆகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், பணம் கொடுக்காவிட்டால் கடைக்கு என்ன ஆகும் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆபத்தை உண்டாக்குபவரும் அவரே, ஆபத்திலிருந்து காப்பவரும் அவரே. ஆனாலும் அது வெறும் மிரட்டல் என்று ஒதுக்கிவிட முடியாது. அரசும் கோர்ட்டும் எட்டாத இடத்தில் அந்தச் சேவை சிலருக்கு நிஜமாகவே தேவைப்படுகிறது. மாஃபியா நூறு வருஷத்துக்கு மேல் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதை முதலில் தெளிவாகக் கண்டுகொண்டவர்களில் ஒருவர் லியோபோல்தோ ஃபிராங்கெத்தி என்ற இத்தாலிய ஆய்வாளர். 1876இல் சிசிலியைச் சுற்றிப் பார்த்த அவர், அங்கே வன்முறை ஒரு தொழிலாகவே நடக்கிறது என்று எழுதினார். மாஃபியா தலைவர் முதலும் போடுகிறார், ஒப்பந்தமும் எடுக்கிறார், வேலையாட்களை மேய்க்கவும் செய்கிறார் என்பது அவர் கண்டது. கிட்டத்தட்ட ஒரு கான்ட்ராக்டரைப் பற்றிய வர்ணனை மாதிரி இருக்கும். இன்றைக்கும் இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

நிலம் எங்கேயோ மாஃபியா அங்கே

சிசிலியின் உள்பகுதியில் பெரும் பண்ணைகள். பண்ணைப் பிரபுக்கள் பலெர்மோவில் மாளிகைகளில் இருப்பார்கள். நிலத்தின் பக்கம் வருவதே அபூர்வம். நிலத்தை மொத்தமாகக் குத்தகைக்கு எடுக்க ஒருவர் வேண்டும். அவர்தான் கபெல்லோத்தோ. அவர் அதைத் துண்டு போட்டு ஏழை விவசாயிகளுக்கு வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, விடுவார். காவலுக்குக் குதிரையும் துப்பாக்கியுமாகக் கம்பியேரி என்ற ஆட்கள். பிரபுவுக்குக் குத்தகைப் பணம் சுளையாகப் போய்விடும். விவசாயி வாய் திறக்க மாட்டான். நடுவில் நிற்பவர் கொழுப்பார். பலெர்மோவைச் சுற்றி எலுமிச்சைத் தோட்டங்களிலும் இதே கதைதான். அங்கே பாசனத் தண்ணீரையும் தோட்டக் காவலையும் பிடித்தார்கள்.

முசோலினி ஆட்சி 1925இல் சேசரே மோரி என்ற அதிகாரியை பலெர்மோவுக்கு அனுப்பியது. மாஃபியாவை ஒழிக்க வந்தவர். 1926 ஜனவரியில் காஞ்ஜி என்ற ஊரையே முற்றுகையிட்டார். தண்ணீரை நிறுத்தினார். தேடப்பட்டவர்களின் மனைவி மக்களைப் பிணையாகப் பிடித்தார். ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். பெரும்பாலும் கீழ்மட்ட ஆட்கள், அவர்களோடு குற்றமற்றவர்களும். பண்ணைப் பிரபுக்களின் மேல் ஒரு கீறல் விழவில்லை. விவசாயிக்குக் கிடைத்ததும் ஒன்றுமில்லை. கபெல்லோத்தோ இருந்த இடத்தில் சில காலத்துக்கு அரசாங்கம் நின்றது, அவ்வளவே.

போர் என்ன செய்தது?

1943 ஜூலை 10 அன்று நேசப் படைகள் சிசிலியில் இறங்கின. 38 நாளில் தீவு அவர்கள் கையில். முசோலினியின் அதிகாரிகள் காணாமல் போனார்கள். சிறைகள் திறந்தன. படை கலைந்து ஓடியதால் கிடைத்த இடத்திலெல்லாம் துப்பாக்கிகள். சாப்பாட்டுக்கு வழியில்லை.

பாதுகாப்பை விற்பவருக்கு இதைவிட நல்ல காலம் உண்டா? போலீஸ் பலமில்லை, கோர்ட் இயங்கவில்லை, ஒவ்வொரு மூட்டைக் கோதுமைக்கும் வழிக்காவல் வேண்டும், ஆயுதம் மலிவு. மாஃபியாவைப் போர் உண்டாக்கவில்லை. அது ஏற்கெனவே இருந்தது. ஆனால் அதன் கடைக்குப் போட்டியாக இருந்த ஒரே கடையை, அரசு என்ற கடையை, போர் இழுத்து மூடிவிட்டது.

ஊரூராக நேச நாட்டு ராணுவ நிர்வாகத்துக்கு மேயர்கள் தேவைப்பட்டார்கள். முசோலினியின் ஆளாக இருக்கக் கூடாது, ஊரில் பேச்சுக்கு மதிப்பு இருக்க வேண்டும். அப்படித் தேடினால் யார் கிடைப்பார்கள்? வில்லால்பாவில் கிடைத்தவர் கலோஜெரோ வித்ஸினி, அந்தப் பகுதி மாஃபியாவின் பெரிய தலை. மேயராக உட்கார வைத்தார்கள். 1943 அக்டோபரிலேயே அமெரிக்க அதிகாரி கேப்டன் ஸ்காட்டன் ஒரு குறிப்பு எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். மாஃபியாவை உடனே கடுமையாக ஒடுக்கலாம். அல்லது தலைவர்களோடு சமாதானம் பேசலாம். அல்லது தீவின் பெரும்பகுதியைக் கைவிட்டுச் சில இடங்களில் மட்டும் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று மூன்று வழிகளை அதில் வைத்தார். சண்டையில் வென்று மூன்று மாதம் ஆகாத ஒரு ராணுவம் இப்படி யோசிக்க வேண்டியிருந்தது.

இங்கே ஒரு பிரபலமான கதையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நியூயார்க் சிறையில் இருந்த அமெரிக்க மாஃபியா தலைவர் லக்கி லூசியானோ ஆள் அனுப்பி சிசிலியையே அமெரிக்கர்களுக்கு வாங்கிக் கொடுத்தார் என்பது அந்தக் கதை. உண்மையாக நடந்தது இதைவிடச் சிறியது. 1942 பிப்ரவரி 9 அன்று நியூயார்க் துறைமுகத்தில் நார்மண்டி என்ற பெரிய கப்பல் எரிந்தது. வெல்டிங் பொறி பட்டு வந்த விபத்து. ஆனால் நாசவேலையோ என்று கடற்படை பயந்துபோனது. துறைமுகத்தில் யார் வார்த்தை செல்லுமோ அவர்களிடம் உதவி கேட்டது. அந்த வரிசையில் லூசியானோவும் வந்தார். அவரை நகருக்கு முன்னைவிடச் சற்று அருகில் இருந்த சிறைக்கு மாற்றினார்கள். 1946இல் தண்டனையைக் குறைத்து இத்தாலிக்கு நாடு கடத்தினார்கள். துறைமுகத்தை அமைதியாக வைத்ததில் அவருக்குப் பங்கு உண்டு. சிசிலியைப் பிடித்தவர்கள் படைவீரர்கள், அதற்காக ஆயிரக்கணக்கில் செத்தவர்கள். அந்தப் பெருமையை ஒரு குற்றவாளிக்கு எடுத்துக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கள்ளச்சந்தையின் அளவைத் தெரிந்துகொள்ள நேப்பிள்ஸ் பக்கம் நோலாவில் நடந்ததைப் பார்த்தால் போதும். அமெரிக்க ராணுவ லாரிகள் மாவும் சர்க்கரையுமாகக் காணாமல் போயின. ராணுவத் துப்பறிவாளர் ஆரஞ்ச் டிக்கி தேடிப் போய் 1944 ஆகஸ்டில் ஒருவரைப் பிடித்தார். நேச நாட்டு நிர்வாகத்துக்கே மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்த விட்டோ ஜெனோவேசே அவர். அமெரிக்காவில் கொலை வழக்குக்குத் தேடப்பட்டவர். விசாரணைக்கு அமெரிக்கா கொண்டுபோனார்கள். அதற்கு முன்பே, அங்கே காவலில் வைத்திருந்த முக்கியச் சாட்சி மருந்து அளவு மீறிச் செத்துப்போயிருந்தார். வழக்கும் போயிற்று.

விவசாயிகள் எழுந்தபோது

1944 அக்டோபரில் வேளாண் அமைச்சர் ஃபௌஸ்தோ குல்லோ சில ஆணைகள் போட்டார். தரிசாகக் கிடக்கும் பண்ணை நிலத்தைக் கூட்டுறவுச் சங்கம் வைத்து விவசாயிகள் எடுத்துக்கொள்ளலாம். விளைச்சலில் உழுதவனுக்குக் கூடுதல் பங்கு. கேட்டால் சாதாரணமாக இருக்கிறது. நடுவில் நிற்கும் ஆளே வேண்டாம் என்றால் கபெல்லோத்தோவுக்கு என்ன வேலை? மாஃபியாவின் வயிற்றில் அடித்த சட்டம் இது. விவசாயிகள் செங்கொடியும் கோவேறு கழுதையுமாகப் பண்ணைகளுக்குள் போய் ஏர் பூட்ட ஆரம்பித்தார்கள்.

ஆணைகள் வருவதற்கு முன்பே உரசல் தொடங்கிவிட்டது. 1944 செப்டம்பர் 16 அன்று வித்ஸினியின் வில்லால்பா சதுக்கத்தில் கம்யூனிஸ்ட் தலைவர் ஜிரோலமோ லி கௌஸி பேசினார். கபெல்லோத்தோக்கள் விவசாயிகளை எப்படி ஏய்க்கிறார்கள் என்று அவர் சொல்ல ஆரம்பித்ததும், "பொய்" என்று வித்ஸினி கத்தினார். அடுத்து துப்பாக்கிச் சூடு, கையெறி குண்டுகள். லி கௌஸி உட்பட 14 பேருக்குக் காயம். பட்டப்பகலில், ஊர் நடுவே.

1947 ஏப்ரல் 20 அன்று சிசிலியில் பிராந்தியத் தேர்தல். இடதுசாரிகளின் மக்கள் கூட்டணி 90 இடங்களில் 29 பிடித்து முதலிடம் வந்தது. யாருமே எதிர்பார்க்காத வெற்றி. அடுத்த பதினொன்றாவது நாள் மே தினம்.

போர்தெல்லா தெல்லா ஜினெஸ்த்ரா

பியானா தெல்யி அல்பனேஸி, சான் ஜூஸெப்பே யாத்தோ, சான் சிப்பிரெல்லோ ஆகிய ஊர்களுக்கு நடுவே ஒரு கணவாய். இரண்டு பக்கமும் மலை. பியானா மக்கள் 15ஆம் நூற்றாண்டில் அல்பேனியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்கள். கணவாயின் வெளியில் ஒரு பெரிய கல் உண்டு. அதற்குப் பார்பாத்தோவின் கல் என்று பெயர். 1890களில் நிக்கோலா பார்பாத்தோ என்ற மருத்துவர் அதன்மேல் ஏறி நின்று விவசாயிகளிடம் பேசுவார். அப்போதிலிருந்து அந்தச் சுற்றுவட்டாரத்தில் மே தினம் என்றால் அந்தக் கல்தான். முசோலினி காலத்தில் மே தினத்தையே தடை செய்து உழைப்பாளர் நாளை ஏப்ரல் 21க்கு மாற்றியிருந்தார்கள். ஆகவே 1947இல் அங்கே கூடியது ஒரு கட்சிக் கூட்டம் மாதிரி இல்லை. திருவிழா மாதிரி.

ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். வண்டியிலும் கோவேறு கழுதையிலும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். குழந்தைகள், கட்டுச்சோறு, கொஞ்சம் ஒயின். காலை பத்து மணிக்கு மேல் ஜாக்கோமோ ஸ்கிரோ என்ற செருப்புத் தைப்பவர், சோஷலிஸ்ட் கட்சியின் உள்ளூர்ச் செயலாளர், கல்மேல் ஏறிப் பேசத் தொடங்கினார். சில வார்த்தைகள்தான் பேசியிருப்பார். பட பட என்று சத்தம். பட்டாசு என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். கழுதைகள் சரிந்து விழுந்தன. பிறகுதான் பக்கத்தில் இருந்தவர்கள் மேல் ரத்தத்தைப் பார்த்தார்கள்.

பித்ஸுத்தா மலைச்சரிவில் பாறைகளுக்குப் பின்னால் இருந்து இயந்திரத் துப்பாக்கிகளால் சுட்டது ஜூலியானோவின் கும்பல். ஒளிந்துகொள்ள ஒரு மரம்கூட இல்லாத வெளி. 11 பேர் இறந்தார்கள், 27 பேருக்குக் காயம். இறந்தவர்களில் சிறுவர்களும் சிறுமியும் உண்டு. இந்த இடத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கைதட்டல்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. தடை நீங்கித் தங்கள் பண்டிகை திரும்பி வந்த சந்தோஷத்தில் தட்டிய கைகள்.

மறுநாளே உள்துறை அமைச்சர் மாரியோ ஷெல்பா அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, இதில் அரசியல் நோக்கம் ஏதும் இல்லை என்றார். நிலம் கேட்டவர்கள், தேர்தலில் வென்றவர்கள், மே தினத்தன்று, பேச்சாளர் வாய் திறந்த நேரத்தில். இதில் அரசியல் இல்லையாம்.

கொள்ளையனை ஏவியது யார்?

கோதுமை மூட்டையோடு ஓடிய பையனுக்கும் மே தினக் கூட்டத்துக்கும் என்ன பகை? அவனும் ஏழை விவசாயி மகன்தான். போர் முடிந்த சமயம், சிசிலியைத் தனி நாடாக்க வேண்டும் என்றவர்கள் அவனுக்குத் தங்கள் படையில் கர்னல் பட்டம் கொடுத்திருந்தார்கள். மலையில் ஒளிந்திருக்கும் ஆளுக்குச் சாப்பாடு, மருந்து, தோட்டா, போலீஸ் வரும் செய்தி எல்லாம் கீழிருந்துதான் போக வேண்டும். அந்தக் கயிறு மாஃபியாவின் கையில். கொள்ளையன் சத்தம் போடுவான், அவன் படம் பத்திரிகையில் வரும், அவன்மேல் வழக்கு வரும். அவனைப் பயன்படுத்துபவர் ஊரில் மரியாதையோடு உட்கார்ந்திருப்பார். தேவை தீர்ந்ததும் கயிற்றை விட்டுவிடுவார்.

அப்படித்தான் ஆயிற்று. 1949 ஆகஸ்ட் 19 அன்று பெல்லோலாம்போவில் ஜூலியானோ கும்பல் வைத்த கண்ணிவெடியில் ஏழு காவலர்கள் இறந்ததும் தேடுதல் தீவிரமானது. 1950 ஜூலை 5 காலையில் காஸ்தெல்வெத்ரானோ என்ற ஊரில் ஒரு வீட்டு முற்றத்தில் அவன் பிணமாகக் கிடந்தான். சண்டையில் சுட்டோம் என்றது போலீஸ். போய்ப் பார்த்த பத்திரிகைக்காரர் ஒருவருக்கு, உடல் கிடந்த வாகுக்கும் உடுப்பில் ரத்தம் ஓடியிருந்த போக்குக்கும் பொருந்தவில்லை என்று பட்டது. பிறகு அவனுடைய வலக்கையாக இருந்த காஸ்பாரே பிஷோத்தாவே, போலீஸோடு பேசிக்கொண்டு நான்தான் கொன்றேன் என்று சொல்லிவிட்டான்.

போர்தெல்லா வழக்கு வித்தெர்போ நகரில் நடந்தது. அங்கே பிஷோத்தா ஒரு வாக்கியம் சொன்னான்: கொள்ளையரும் போலீஸும் மாஃபியாவும் பிதா, சுதன், பரிசுத்த ஆவி மாதிரி, மூன்றும் ஒன்றே. 1952இல் பன்னிரண்டு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சுட்டவர்களுக்குக் கிடைத்தது, சுடச் சொன்னவர் யார் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. 1954 பிப்ரவரி 9 அன்று பலெர்மோவின் உச்சார்தோனே சிறையில் பிஷோத்தா ஸ்ட்ரிக்னைன் விஷத்தால் துடித்துச் செத்தான்.

கோர்லியோனேயில் ஒரு நாற்காலி

போர்தெல்லாவில் கூட்டத்தைச் சுட்டார்கள். மற்ற இடங்களில் ஆளாகப் பார்த்துக் கொன்றார்கள். தொழிற்சங்கத்தில் துணிந்து முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பிளாசிதோ ரிட்ஸோத்தோ. போரில் வடக்கே போய் நாஜிகளுக்கு எதிரான கெரில்லாக்களோடு சேர்ந்தவர். ஊர் திரும்பி கோர்லியோனேயின் தொழிலாளர் சங்கச் செயலாளர் ஆனார். 1948 மார்ச் 10 மாலை அவரைக் கடத்திக்கொண்டு போய்க் கொன்று மலைப்பிளவில் போட்டார்கள். கொலையைப் பார்த்துவிட்ட ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் காய்ச்சலும் பிதற்றலுமாக மருத்துவமனைக்குப் போனான். ஊசி போட்டார்கள், செத்துப்போனான். அந்த மருத்துவமனையின் தலைமை மருத்துவர் மிக்கேலே நவார்ரா. கோர்லியோனே மாஃபியாவின் தலைவரும் அவர்தான். கொலை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட லூசியானோ லிஜ்ஜோ ஆதாரம் போதவில்லை என்று விடுதலையானார்.

ரிட்ஸோத்தோவின் நாற்காலியில் உட்கார ஓர் இளைஞர் வந்தார், பியோ லா தோர்ரே. கொலையைத் துருவியவர் கார்லோ அல்பெர்த்தோ தல்லா கியேஸா என்ற இளம் கராபினியேரி கேப்டன். இரண்டு பேரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1950இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்து பெரும் பண்ணைகள் உடைந்தன. மாஃபியா நகரத்துக்கு இறங்கியது. குண்டுவீச்சில் இடிந்த பலெர்மோவுக்கு வீடுகள் வேண்டுமே. 1959 முதல் சில வருஷங்களில் நகராட்சி கொடுத்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டட அனுமதிகளில் பாதிக்கு மேல், கட்டடத் தொழிலோடு சம்பந்தமே இல்லாத ஒரு சில பினாமிகள் பெயரில் போயின. எலுமிச்சைத் தோட்டங்கள் அடுக்குமாடிகளாயின. விற்ற சரக்கு அதேதான்.

இத்தனை நடந்தும் இத்தாலியின் சட்டத்தில் அன்றைக்கு மாஃபியா என்ற குற்றமே இல்லை. கொலை செய்தால் கொலை வழக்கு. சாட்சி இல்லாவிட்டால் விடுதலை. லா தோர்ரே நாடாளுமன்ற உறுப்பினராகி ஒரு மசோதா கொண்டுவந்தார். பயமுறுத்தும் பலத்தாலும், அதனால் மற்றவர்கள் அடங்கி வாய் மூடிக் கிடப்பதாலும் ஆதாயம் தேடும் கூட்டம் எதுவோ அது மாஃபியா. அதில் சேர்ந்திருப்பதே குற்றம். சேர்த்த சொத்தை அரசு எடுத்துக்கொள்ளலாம் என்றது அந்த மசோதா. ஃபிராங்கெத்தி கண்டது நூறு வருஷம் கழித்துச் சட்டமொழியில் வந்து உட்கார்ந்தது.

1982 ஏப்ரல் 30 அன்று பலெர்மோவில் லா தோர்ரேயை அவருடைய ஓட்டுநரோடு சுட்டுக் கொன்றார்கள். அதே வருஷம் செப்டம்பர் 3 அன்று, பலெர்மோவின் பிரிஃபெக்டாக, அதாவது மத்திய அரசின் மாவட்டத் தலைமை அதிகாரியாக, வந்திருந்த தல்லா கியேஸாவையும் மனைவியோடு கொன்றார்கள். பத்து நாள் கழித்து, செப்டம்பர் 13 அன்று சட்டம் நிறைவேறியது.

2009இல் கோர்லியோனேக்கு மேலே ரொக்கா புஸாம்ப்ராவின் ஒரு பிளவில் சில எலும்புகள் கிடைத்தன. ரிட்ஸோத்தோவின் தந்தையின் கல்லறையைத் திறந்து டிஎன்ஏ ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2012இல் முடிவு வந்தது. அவர்தான். அந்த வருஷம் மே 24 அன்று இத்தாலியக் குடியரசுத் தலைவர் முன்னிலையில், கடத்தப்பட்ட அதே ஊரில், அரசு மரியாதையோடு அவரை அடக்கம் செய்தார்கள்.